டீசல் ரீமேப்: எந்த பாகம் எப்போது தேயும்?

இன்ஜினை ஆளும் கம்ப்யூட்டரான ஈசியுவில் இருக்கும் மென்பொருள் ஃபைலை, அதாவது ‘மேப்’பை, மாற்றிப் பவர் கூட்டுவதுதான் ரீமேப். அதன் விளம்பரங்களில் கொட்டை எழுத்தில் இருப்பது குதிரைத்திறன். வண்டியின் ஆயுளைத் தீர்மானிப்பவை வேறு இரண்டு: எந்த ஆர்பிஎம்மில் எவ்வளவு டார்க் (சுழற்றும் விசை) ஏற்றியிருக்கிறார்கள், புகை வரம்பை (இருக்கும் காற்றுக்கு மேல் டீசல் போகாமல் தடுக்கும் அளவை) எவ்வளவு தளர்த்தியிருக்கிறார்கள். நம் ஊரில் அதிகம் ரீமேப் ஆன வண்டிகளில் ஒன்றான ஃபோக்ஸ்வேகன் 1.5 டிடிஐயை (போலோ, வென்டோ, ஸ்கோடா ரேபிடிலும் இதே இன்ஜின்தான்) வைத்தே பார்ப்போம்.

சாதா போலோவில் இந்த 1498 சிசி இன்ஜின் 230 நியூட்டன் மீட்டர் டார்க் தருகிறது. பவர் கூடிய 110 பிஎஸ் ரகத்தில் 250. இதை 300க்கு மேல் ஏற்றித் தருவது ரீமேப்காரர்களுக்குப் பெரிய வேலையே இல்லை. 250லிருந்து 320க்குப் போனால் சிலிண்டருக்குள் பயனுள்ள சராசரி அழுத்தம் சுமார் 21 பாரிலிருந்து 27 பாருக்கு ஏறும். உச்ச அழுத்தம் அதைவிடப் பல மடங்கு. அந்த அடி முழுவதையும் வாங்குவது கனெக்டிங் ராடும் பேரிங்கும். 1500 ஆர்பிஎம்மிலேயே இந்த டார்க்கை வைத்துவிட்டால் நிலைமை இன்னும் மோசம். அந்த வேகத்தில் பேரிங்கில் ஆயில் படலம் மெலிந்திருக்கும், எரிதல் அழுத்தம் நிலைத்து நிற்கும் நேரமும் அதிகம். சேலத்திலிருந்து தர்மபுரி பக்கம் தொப்பூர் ஏற்றத்தில், லாரிக்குப் பின்னால் டாப் கியரிலேயே பெடலை அழுத்தி ஏறுகிறவர்கள் செய்வது இதைத்தான். நல்ல ட்யூனர் 2000 ஆர்பிஎம்முக்குக் கீழே டார்க்கைச் சற்று அடக்கியே வைப்பார். பிக்கப் கொஞ்சம் குறைந்ததுபோல் தோன்றும், பரவாயில்லை.

ஆனால் முதலில் கையை விரிப்பது பெரும்பாலும் இன்ஜின் இல்லை. மேனுவல் வண்டியில் கிளட்ச். டிஎஸ்ஜி எனப்படும் ஆட்டோமேட்டிக் வண்டியில் டிக்யூ200 என்ற ஏழு கியர் பெட்டி. இரட்டை உலர் கிளட்ச் உள்ள இதன் வடிவமைப்பு வரம்பே 250 நியூட்டன் மீட்டர். அதாவது 110 பிஎஸ் வென்டோ ஷோரூமிலிருந்து வரும்போதே வரம்பின் விளிம்பில் நிற்கிறது. ‘கியர்பாக்ஸுக்கும் சேர்த்து மேப் போட்டுவிடுகிறோம்’ என்பார்கள். கிளாம்பிங் அழுத்தத்தை மென்பொருளில் கூட்டலாம், கிளட்ச் தட்டின் பரப்பை எந்த ஃபைலும் கூட்டாது. டிஎஸ்ஜி வைத்திருப்பவர்களுக்கு என் கருத்து ஒன்றுதான்: டார்க்கைத் தொடாதீர்கள். மேனுவலில் சோதிப்பது எளிது. நான்காவது கியரில் 1800லிருந்து முழு பெடல் கொடுங்கள். ஆர்பிஎம் தாவி, வேகம் அந்த அளவுக்கு ஏறவில்லை என்றால் கிளட்ச் வழுக்குகிறது. ரீமேப்புக்கு முன்பே அப்படி என்றால் முதலில் கிளட்ச்சை மாற்றுங்கள்.

அடுத்தது வெப்பம். டீசலில் பவரைத் தீர்மானிப்பது ஒவ்வொரு ஸ்ட்ரோக்குக்கும் போகும் எரிபொருளின் மில்லிகிராம். இஞ்செக்டரின் நாசில் மாறாததால், கூடுதல் டீசல் வேண்டுமென்றால் ரெயில் (எல்லா இஞ்செக்டருக்கும் டீசல் தரும் பொதுக் குழாய்) அழுத்தத்தைக் கூட்ட வேண்டும், இல்லையேல் இஞ்செக்டரை அதிக நேரம் திறந்து வைக்க வேண்டும். 4000 ஆர்பிஎம்மில் கிராங்க் ஒரு மில்லிசெகண்டுக்கு 24 டிகிரி சுற்றுகிறது. வெறும் 0.2 மில்லிசெகண்ட் கூட்டினாலே தெளிப்பு கிட்டத்தட்ட 5 டிகிரி நீளும். வாலில் வரும் அந்த டீசல், பிஸ்டன் நன்றாக இறங்கிய பிறகு எரிவதால் அதன் வெப்பத்தில் அதிகப் பங்கு வேலையாக மாறாமல் டர்போவுக்குப் போகிறது. கொஞ்சம் பிஸ்டன் கிண்ணத்தின் விளிம்பிலும் சிலிண்டர் சுவரிலும் பட்டு, ஆயில் படலத்தைக் கழுவி, கரியாக ஆயிலில் சேர்கிறது. இதைச் சமாளிக்க இஞ்செக்ஷனை முன்னால் இழுத்தால் வெப்பம் குறையும், உச்ச அழுத்தம் ஏறும். ட்யூனரின் திறமை இந்த இரண்டுக்கும் நடுவில் எங்கே நிற்கிறார் என்பதில்தான் இருக்கிறது. டர்போவுக்கு முன்னால் வெப்பம் 800 டிகிரி செல்சியஸைத் தொடர்ந்து தாண்டாமல் இருப்பது நல்லது. முழு பெடலில் கண்ணாடியில் கருப்புப் புகை தெரிகிறதென்றால் காற்று போதவில்லை என்று அர்த்தம். அதைப் பெருமையாக வீடியோ எடுத்துப் போடுகிறவர்களுக்குச் சொல்ல ஒன்றுமில்லை.

டர்போவின் கதை மலையில்தான் வெளிப்படும். ஊட்டி 2240 மீட்டர் உயரம், அங்கே காற்றழுத்தம் சென்னையில் இருப்பதில் முக்கால் பங்குக்குச் சற்று மேல். மேப்பில் 2.3 பார் முழு அழுத்தம் கேட்டிருந்தால், சென்னையில் டர்போ காற்றை 2.3 மடங்கு அமுக்கினால் போதும். ஊட்டியில் ஏறத்தாழ 3 மடங்கு. அதற்கு டர்போவின் வீல் இன்னும் வேகமாகச் சுழன்றாக வேண்டும், சின்ன டர்போக்கள் ஏற்கெனவே நிமிடத்துக்கு 2 லட்சம் சுற்றுகள் என்ற கணக்கில் ஓடுபவை. கம்பெனி மேப்பில் உயரத்துக்கேற்ப பூஸ்டை (டர்போ தரும் காற்றழுத்தத்தை) குறைக்கும் அட்டவணை இதற்காகவே இருக்கிறது. அவசரமாகச் செய்த ஃபைல்களில் அதைத் தட்டையாக்கி விடுகிறார்கள். அந்த அட்டவணையையும், கூலன்ட், ஆயில், உள்காற்று வெப்ப வரம்புகளையும் தொட்டீர்களா என்று ட்யூனரிடம் நேராகக் கேளுங்கள்.

ரெயில் சென்சாரில் மாட்டும் ட்யூனிங் பாக்ஸ் எனக்குச் சுத்தமாகப் பிடிக்காது. உள்ளதைவிடக் குறைந்த அழுத்தத்தை ஈசியுவுக்குக் காட்டி, ஈசியுவே பம்பை விரட்டும்படி ஏமாற்றுகிறது. பம்பு எவ்வளவு அழுத்தத்தில் திணறுகிறது என்பது ஈசியுவுக்கே தெரியாதபோது அது எப்படி அதைக் காப்பாற்றும்?

பிஎஸ்-6 டீசல் என்றால் கூடுதலாக டிபிஎஃப், அதாவது புகையிலுள்ள கரியைப் பிடிக்கும் ஃபில்டர். கரி கூடினால் ரீஜெனரேஷன் (அந்தக் கரியை எரித்துச் சுத்தம் செய்வது) அடிக்கடி நடக்கும். அதற்காகப் பின்னால் தெளிக்கப்படும் டீசலில் ஒரு பகுதி ஆயிலில் இறங்கும். டிப்ஸ்டிக்கில் ஆயில் மட்டம் ஏறினால் நல்ல செய்தி என்று நினைத்துவிடாதீர்கள், முகர்ந்து பாருங்கள். டீசல் வாடை அடித்தால் ஆயில் மெலிந்துவிட்டது, கிலோமீட்டர் பார்க்காமல் மாற்றிவிடுங்கள்.

லேப்டாப்பைச் செருகும் முன் செய்ய வேண்டியது கம்ப்ரஷன், இஞ்செக்டர் லீக்-ஆஃப் (இஞ்செக்டரிலிருந்து திரும்பி வரும் டீசலின் அளவு), இன்டர்கூலர் குழாய்களில் கசிவு என மூன்று சோதனை. சூடான இன்ஜினில், ஐட்லிங்கில் ஸ்கேனர் காட்டும் சிலிண்டர் வாரியான திருத்த மதிப்புகளில் ஒன்று மட்டும் மற்றவற்றை விட்டு 2 மில்லிகிராமுக்கு மேல் விலகி நின்றால் அந்த இஞ்செக்டரைக் கழற்றிச் சோதிக்க வேண்டும். ஒழுகும் இஞ்செக்டர் மேல் ரீமேப் போட்டால் பிஸ்டனில் ஓட்டை விழலாம். ஃபைல் ஏற்றும்போது பேட்டரிக்கு நிலையான சார்ஜர் மாட்டியிருக்கிறார்களா என்று கவனியுங்கள். நடுவில் வோல்டேஜ் இறங்கினால் ஈசியு செத்துவிடலாம். ஒரிஜினல் ஃபைலின் நகலைக் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

ஏற்றிய பிறகு நான்காவது கியரில் 1500லிருந்து 4000 வரை முழு பெடலில் ஒரு லாக் (ஸ்கேனர் பதிவு) எடுக்கச் சொல்லுங்கள். கேட்ட பூஸ்டும் கிடைத்த பூஸ்டும், கேட்ட ரெயில் அழுத்தமும் கிடைத்ததும் ஒட்டியே போக வேண்டும். பூஸ்ட் 0.2 பாருக்கு மேல் விலகி அப்படியே நின்றால் ஃபைலைத் திருப்பி அனுப்புங்கள். லாக் காட்ட மறுக்கும் கடையில் வண்டியை விடவே வேண்டாம்.

பராமரிப்பில் இரண்டு மாற்றம் போதும். 15,000 கிலோமீட்டர் ஆயில் இடைவெளியை 7,500 ஆக்குங்கள், ஃபோக்ஸ்வேகனின் 507.00 ஆயில் தரத்தை விட்டு இறங்காதீர்கள். டீசல் ஃபில்டரைப் பாதி இடைவெளியில் மாற்றுங்கள். கூலன்ட் முள் நடுவுக்கு வந்துவிட்டாலும் ஆயில் 80 டிகிரியைத் தொட இன்னும் சில கிலோமீட்டர் ஆகும், அதுவரை பெடலை மிதிக்காதீர்கள்.

வாரன்டி பற்றி ஒரு வரி: ஒரிஜினல் ஃபைலைத் திரும்ப ஏற்றினாலும் ஃபோக்ஸ்வேகன் குழும வண்டிகளில் மாற்றம் பிடிபடலாம். பிடிபட்டால், மென்பொருள் மாற்றிய வண்டி என்பதைக் காட்டும் டிடி1 என்ற குறியீடு கம்பெனி சிஸ்டத்தில் பதிவாகிவிடும். புகைச் சோதனையில் பிஎஸ்-4 டீசலுக்கு வரம்பு கே மதிப்பு (புகையின் அடர்த்தி அளவு) 1.62, பிஎஸ்-6க்கு 0.7. ரீமேப் முடிந்த அன்றே ஒருமுறை அளந்து பாருங்கள். அதில் தேறாத ஃபைல், ஆயிலுக்குள்ளும் கரியைத் தள்ளுகிறது என்று ஊகித்துக்கொள்ளலாம்.