பெசில் மக்லியர்: கோர்க் நகரம் தந்த அறிமுகம்

கண்டியில் நம் கல்லூரிக்காக நான் சென்டர் இடத்தில், அதாவது பின்வரிசையின் நடுவில் நின்று, றக்பி விளையாடிய காலத்தில், எங்கள் மாஸ்டர் ஓயாமல் பழக்கியது ஹேண்ட் ஓஃப்தான். பிடிக்க வருகிறவனைக் கையால் தள்ளிவிட்டு ஓட வேண்டும், ஓட்டத்தின் வேகம் மட்டும் குறையக்கூடாது. அந்த வித்தைக்கே பேர்போன ஒருவரைப் பற்றி, அயர்லாந்தில் கோர்க் நகருக்குக் குடிவந்த பிறகுதான் அறிந்தேன்.

பெசில் மக்லியர் 1881 இல் போர்ட்ஸ்மவுத்தில் பிறந்தவர். பெட்ஃபோர்டில் படித்து, ராயல் டப்ளின் ஃபியூசிலியர்ஸ் படையில் அதிகாரியானார். பிறந்த நாடான இங்கிலாந்தின் றக்பி அணித் தெரிவாளர்கள் அவரை வேண்டாமென்று விட்டார்கள். அப்போது அவர் பணியில் இருந்தது அயர்லாந்தில். சரி, நாங்கள் எடுத்துக்கொள்கிறோம் என்று அயர்லாந்து சேர்த்துக்கொண்டது. முதல் ஆட்டமே இங்கிலாந்துக்கு எதிராக, 1905 பெப்ரவரியில், இதே கோர்க்கில். அயர்லாந்து 17-3 என்று வென்றது. மக்லியரும் ஒரு ட்ரை வைத்தார், அதாவது எதிரணியின் கோட்டுக்கு அப்பால் பந்தைத் தரையில் வைத்துப் புள்ளி எடுத்தார். அடுத்த வருடம் லெஸ்டரில் 16-6, அதற்கடுத்த வருடம் டப்ளினில் 17-9. அவர் ஆடிய மூன்று முறையும் இங்கிலாந்துக்குத் தோல்விதான். ஊர் விட்டு ஊர் வந்து வாழும் எனக்கு இந்தக் கதை எவ்வளவு இனிக்கும் என்று நீங்களே யோசித்துப் பாருங்கள்.

வெள்ளைக் கையுறை போட்டுக்கொண்டு ஆடுவாராம். 1906 நவம்பரில் பெல்ஃபாஸ்ட்டில் தென்னாப்பிரிக்காவுக்கு எதிராக, தன் பக்கத்துக் கோட்டருகில் பந்தை வாங்கி, குறுக்கே வந்தவர்களைத் தள்ளிவிட்டு ஏறக்குறைய மைதானம் முழுக்க ஓடி ட்ரை வைத்தார். அயர்லாந்து 12-15 என்று தோற்றாலும், இங்கே பேசப்படுவது அந்த ஓட்டம்தான். என்னைக் கேட்டால், ஒரு சென்டருக்கு அதைவிடப் பெரிய பேறு கிடையாது.

மொத்தம் 11 ஆட்டங்கள், 1907 உடன் முடிந்தது. அப்புறம் முதலாம் உலகப் போர். 1915 மே 24 அன்று, பெல்ஜியத்தில் ஈப்பர் அருகே ஜெர்மானியர் நச்சு வாயு விட்டுத் தாக்கிய நாளில் கொல்லப்பட்டார். வயது 34. அவருடைய சகோதரர்களில் இருவரும் அதே போரில் மாண்டார்கள். ஒரு தாய் இதை எப்படித் தாங்கினாள் என்பது என் மனதை இன்னும் விட்டுப்போகவில்லை.

பெல்ஜியம் போகும் நம்மவர்கள் ஈப்பரில், போரில் மாண்டு கல்லறை தெரியாமல் போன வீரர்களின் நினைவுச் சின்னமான மெனின் வாயிலுக்கு அவசியம் போங்கள். பெயர்களைப் படைப்பிரிவு வாரியாகத்தான் பொறித்திருக்கிறார்கள். ராயல் டப்ளின் ஃபியூசிலியர்ஸ் என்ற தலைப்பின் கீழ் மக்லியரைத் தேடுங்கள்.