ஒரு குவாட்டர்தான்

செல்லம்பட்டிப் பக்கத்துக் கிராமங்களிலிருந்து மதுரை மாட்டுத்தாவணிப் பூச்சந்தைக்குக் குட்டியானையில் மல்லிகை ஏற்றி வருபவர் என் சித்தப்பா. விடிவதற்குள் பூ சந்தையில் இறங்கியாக வேண்டும் என்பதால் அதிகாலை மூன்றரை மணிக்கே வண்டியை எடுத்துவிடுவார். எவ்வளவு குடிக்கிறீர்கள் என்று யார் கேட்டாலும் இருபது ஆண்டுகளாக அவரிடம் ஒரே பதில்தான் இருந்தது: "ஒரு குவாட்டர்தான்ப்பா." அந்தத் 'தான்' என்ற ஒற்றை அசையைப் பற்றித்தான் எழுத நினைக்கிறேன்.

ஒரு குவாட்டர் என்பது 180 மில்லி. பிராந்தியிலும் ரம்மிலும் 42.8 சதவீதம் ஆல்கஹால் இருக்கிறது. எடையாகக் கணக்கிட்டால் ஏறத்தாழ 60 கிராம். பத்து கிராமை ஓர் அளவு என்று மருத்துவர்கள் கொள்வதால், சித்தப்பா 'ஒன்றுதான்' என்று சொன்னது உண்மையில் ஆறு. அறுபது கிலோ எடையுள்ள ஒருவர் இரவு பத்து மணிக்கு அதைக் குடித்து முடித்தால், அவரது இரத்தத்தில் 100 மில்லிக்கு 150 மில்லிகிராம் அளவுக்கு ஆல்கஹால் ஏறக்கூடும். வண்டி ஓட்டுபவருக்குச் சட்டம் வைத்திருக்கும் வரம்பு 30. உடல் மணிக்குச் சுமார் 15 மில்லிகிராம் வீதமே அதைக் கழிக்கிறது. மோரும் எலுமிச்சைச் சாறும் பச்சைத் தண்ணீர்க் குளியலும் அந்த வேகத்தைக் கூட்டுவதில்லை. அப்படியானால் தூங்கி எழுந்து, குளித்து, திருநீறு பூசி, "தெளிஞ்சிருச்சு" என்று மூன்றரை மணிக்கு வண்டியில் ஏறும்போது, வரம்பைப் போல இரு மடங்கு இன்னும் இரத்தத்தில் இருக்கிறது. இருபது ஆண்டுகளாக அவர் அப்படித்தான் உசிலம்பட்டிச் சாலையில் வந்து போயிருக்கிறார் என்பதை நினைக்கும்போது எனக்கு இப்போதும் வயிறு கலங்குகிறது.

சென்ற ஆண்டு சித்தியின் வற்புறுத்தலால் அழகர்கோயிலுக்குப் போய், பதினெட்டாம்படிக் கருப்பசாமி முன்னால் சூடம் அணைத்து, இனித் தொடமாட்டேன் என்று சத்தியம் செய்தார். அந்தச் சந்நிதியில் பொய்ச் சத்தியம் செய்ய எங்கள் பக்கத்தில் எவருக்கும் துணிவு வராது. அவரும் சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். மறுநாள் கை நடுங்கியது. இரவெல்லாம் வியர்த்துக் கொட்டியது. இரண்டாம் நாள் மாலை வாசலில் விழுந்து வலிப்பு வந்தது. சாமி குற்றமோ என்று சித்தி கதறினார். பெரியாஸ்பத்திரியில்தான் உண்மை விளங்கியது. ஆண்டுக்கணக்கில் நாள் தவறாமல் குடித்த உடல் அதைத் திடீரென்று இழந்தால் வலிப்பும் மனக்குழப்பமும் வரலாம், கவனிக்காமல் விட்டால் உயிரே போகலாம், ஆகவே மருந்தின் துணையோடுதான் நிறுத்த வேண்டும் என்று மருத்துவர் பொறுமையாக எடுத்துச் சொன்னார். எவ்வளவு குடிப்பார் என்று அவர் கேட்டபோது சித்தி சொன்ன பதிலும் "ஒரு குவாட்டர்தாங்க."

இந்தச் செய்திகளில் ஒன்றுகூட இருபது ஆண்டுகளில் எங்கள் வீட்டை வந்தடையவில்லை. மது விற்பதோ அரசு. 1983இல் தொடங்கப்பட்ட டாஸ்மாக், 2003 நவம்பர் முதல் சில்லறைக் கடைகளையும் தானே நடத்துகிறது. நண்பகல் பன்னிரண்டு முதல் இரவு பத்து வரை என்று நேரம் குறித்திருக்கிறது. 21 வயது நிரம்பாதவர்களுக்கு விற்கக் கூடாது என்று விதி இருக்கிறது. 2016, 2017, 2023 ஆகிய ஆண்டுகளில் ஐந்நூறு ஐந்நூறாகக் கடைகள் மூடவும்பட்டன. இவற்றை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் கடை எங்கே, எத்தனை மணி வரை என்பதோடு ஒழுங்குமுறை நின்றுவிடுகிறது. குப்பிக்குள் இருப்பது எவ்வளவு என்பதைக் குடிப்பவருக்குப் புரியும்படி எவரும் சொல்வதில்லை. 'குடி குடியைக் கெடுக்கும்' என்ற வாசகத்தைச் சித்தப்பா ஆயிரம் முறை படித்திருப்பார். அவருக்குத் தேவைப்பட்டது, ராத்திரி பத்து மணிக்குக் குடித்தால் காலை எட்டு மணி வரை வண்டியைத் தொடாதே என்ற ஒரு வரி.

முழு மதுவிலக்கே தீர்வு என்பவர்களின் வேதனையை மதிக்கிறேன். 1937இல் ராஜாஜி சேலத்தில் தொடங்கிய மதுவிலக்கு, 1971இல் தளர்த்தப்பட்டு, 1974இல் மீண்டும் வந்து, 1981இல் மறுபடி விலகியது. கடை திறந்திருந்த காலத்திலேயே 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் மெத்தனால் கலந்த சாராயம் அறுபதுக்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோனது. கடைகளை ஒரே இரவில் மூடினால் சித்தப்பாவைப் போன்றவர்களுக்கு வாசலில் வரும் வலிப்பை யார் பார்ப்பது என்பதும் எனக்குப் பெரிய கேள்வி.

2023இல் 90 மில்லி டெட்ரா பேக் பற்றி அரசுத் தரப்பில் பேச்சு எழுந்தபோது எதிர்ப்பும் கேலியும்தான் மிகுந்தன. விலை குறைந்தால் சிறுவர்கள் கைக்கு எளிதில் போய்விடும் என்ற அச்சம் நியாயமானது. அதில் எனக்கு இன்னும் தெளிவான முடிவில்லை. ஆனாலும், முன்பின் தெரியாத இருவர் கடை வாசலில் காசு சேர்த்து ஒரு குவாட்டரை 'கட்டிங்' போடுகிறார்கள் என்றால், பாதி போதும் என்று நினைப்பவர்களும் அந்த வரிசையில் நிற்கிறார்கள் என்றுதான் பொருள். எந்த அளவு மதுவும் பாதுகாப்பானதல்ல என்று உலக சுகாதார நிறுவனம் 2023 ஜனவரியில் தெளிவாகவே சொல்லிவிட்டது. ஆகவே 'பொறுப்பாகக் குடியுங்கள்' என்ற அறிவுரையில் எனக்கு நம்பிக்கை இல்லை. குறைவாகக் குடிக்க வழியும், நிறுத்த நினைப்பவருக்கு மருத்துவத் துணையும் இருக்க வேண்டும் என்றே கேட்கிறேன். ஒவ்வொரு கடையின் கம்பி வலைக்கு மேலும், ஒரு குவாட்டர் ஆறு அளவு என்றும், நிறுத்துவதற்கு முன் மருத்துவரைப் பாருங்கள் என்றும், போதை மீட்புக்கான 14446 என்ற இலவச எண்ணோடு பெரிய எழுத்தில் எழுதி வைக்கலாம். கடையும் அரசுடையது, சுவரும் அரசுடையது. யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை.

சித்தப்பா மருந்தோடு நிறுத்தி ஒன்பது மாதங்கள் ஆகின்றன. சத்தியத்தை அவர் விட்டுவிடவில்லை. குடியை விடக் கோயிலில் கயிறு கட்டப் போவதாகச் சொன்ன இன்னொரு ஓட்டுநரிடம், சந்தையில் பூ மூட்டையை இறக்கிக்கொண்டே அவர் சொன்னதை நான் பக்கத்தில் நின்று கேட்டேன்: "சாமி எங்கயும் போயிறாது தம்பி. மொதல்ல பெரியாஸ்பத்திரிக்குப் போயி சீட்டு வாங்கு. பெறகு கோயிலுக்கு நானே கூட்டிட்டுப் போறேன்."