கோரக்கர் குகைக்கு ஒன்றே கால் மாலைத் தூரம்

கொல்லிமலைக்குப் போகிறவர்களில் பெரும்பாலோர் அறப்பளீசுவரரை வணங்கி, ஆகாயகங்கையில் நனைந்து, முடவாட்டுக்கால் கிழங்கு சூப் ஒரு கோப்பை குடித்துவிட்டு ஊர் திரும்பிவிடுகிறார்கள். நானும் மூன்று முறை அப்படித்தான் திரும்பியிருக்கிறேன். அருவிக்கு அப்பால் காட்டுக்குள் சித்தர்களான கோரக்கரும் காலாங்கிநாதரும் தவமிருந்ததாகச் சொல்லப்படும் குகைகள் இருப்பதை அறிந்தும் அந்தப் பக்கம் போகத் துணியாததற்குக் காரணம், எனக்கு ஊருக்குள்ளேயே திசை குழம்பிவிடும் என்பதுதான். இம்முறை தை மாதப் பயணத்துக்கு முன்பாக ஒரு திசைகாட்டி வாங்கி, இரண்டு மாத காலம் எங்கள் ஊர் ஏரிக்கரையில் நடந்து பழகினேன். அங்கே மாடு மேய்க்கிறவர்கள் நான் நிலம் அளக்க வந்தவன் என்றே முடிவு செய்துவிட்டார்கள்.

காரவள்ளியில் தொடங்கும் 70 கொண்டை ஊசி வளைவுகளைப் பற்றி எழுத என்னிடம் ஒன்றுமில்லை. கண்ணை மூடிக்கொண்டே ஏறினேன். சில்வர் ஓக் மரங்களில் மிளகுக்கொடி படர்ந்த தோட்டங்களைக் கடந்து கோயிலைச் சேர்ந்தபோது காலை எட்டு மணி. தேவாரத்தில் பெயர் குறிக்கப்பெறும் வைப்புத் தலங்களுள் ஒன்று அறப்பள்ளி. ஏர்முனை பட்டதாகச் சொல்லப்படும் தழும்பை லிங்கத் திருமேனியின் உச்சியில் அர்ச்சகர் தீபம் காட்டி விளக்கினார். பிறகு அறம்வளர்த்த நாயகியை வணங்கி, கோயிலருகே ஓடும் ஐயாற்று மீன்களுக்குப் பொரி போட்டுவிட்டு, ஏற்கெனவே சொல்லிவைத்திருந்த வழிகாட்டிப் பெரியவருடன் புறப்பட்டேன். வனத்துறையினரிடம் கேட்டுக்கொள்ளாமலும், அந்த ஊர்க்காரர் ஒருவர் துணையில்லாமலும் இந்தக் காட்டுக்குள் யாரும் இறங்கக் கூடாது. திசைகாட்டி கையில் இருக்கிறவருக்கும் இது பொருந்தும்.

ஆயிரத்துக்கும் மேற்பட்ட படிகள் இறங்கி, ஏறத்தாழ 300 அடி உயரத்திலிருந்து விழும் அருவியின் சாரலைத் தாண்டியதும், படிகளும் கைப்பிடிக் கம்பிகளும் முடிந்து ஒற்றையடிப் பாதை தொடங்குகிறது. ஐயாறு இங்கிருந்து பாறைகளுக்கிடையே உருண்டு கீழே புளியஞ்சோலையை நோக்கிப் போகிறது. பாதை என்று சொன்னாலும், உதிர்ந்த இலைகளுக்கு அடியில் அது எங்கே இருக்கிறது என்பது பெரியவருக்கு மட்டுமே தெரிந்தது. கைப்பேசியில் அலைவரிசை அருவிக்கு முன்பே போய்விட்டது.

திசைகாட்டியைக் கொண்டு வழி கண்டுபிடிக்க முடியும் என்று நினைத்துத்தான் நான் அதை வாங்கினேன். உண்மையில் அதன் பெரும்பயன், வந்த வழியை இழக்காமல் இருப்பதில் உள்ளது. கண்ணுக்குத் தெரியும் ஒரு மரத்தையோ பாறையையோ குறி வைத்து, அது திசைகாட்டியில் எத்தனை பாகையில் (டிகிரி) இருக்கிறது என்று எழுதிக்கொண்டு, அதுவரை நடந்த தூரத்தையும் எழுதிக்கொள்ள வேண்டும். போகும்போது 140 பாகை என்றால், அதனோடு 180 கூட்டி, 320 பாகையில் திரும்ப வேண்டும். தமிழ்நாட்டில் காந்த வடக்குக்கும் மெய்யான வடக்குக்கும் உள்ள வேறுபாடு மிகச் சிறியது என்பதால், குளிர்நாடுகளில் நடப்பவர்கள் போடும் திருத்தக் கணக்கு நமக்குப் பெரும்பாலும் தேவைப்படுவதில்லை.

தூரத்தை அளக்கத்தான் சங்கடம் வந்தது. இடது கால் ஊன்றும்போதெல்லாம் ஒன்று என எண்ண வேண்டும். எனக்கு 100 மீட்டருக்குச் சமதரையில் 66 வரும், கரடுமுரடான இடத்தில் 80 வரும். ஆனால் சித்தர் குகைக்குப் போகும் வழியில் வாய் எண்களைச் சொல்லிக்கொண்டிருப்பது உறுத்தியது. கழுத்திலிருந்த 108 மணி உருத்திராட்ச மாலையைக் கையில் எடுத்து, இடது காலுக்கு ஒரு நமசிவாய, ஒரு மணி என்று வைத்துக்கொண்டேன். அதன்பின் என் குறிப்பேட்டில் மீட்டர் என்ற சொல்லே வரவில்லை. "140 பாகை, ஒன்றே கால் மாலை" என்பதுபோலத்தான் எழுதியிருக்கிறேன்.

பாதி வழியில், ஒரு கரும்பாறையின் அருகே முள் திடீரென்று இடப்பக்கம் விலகியது. சேலம், நாமக்கல் வட்டாரத்துக் குன்றுகளில் காந்தத் தன்மையுள்ள மாக்னடைட் இரும்புத் தாது உண்டு. கஞ்சமலை அதற்குப் பேர்போனது. சித்தர்கள் தேர்ந்தெடுத்த மலையல்லவா என்று மெய்சிலிர்த்துப் பெரியவரிடம் விளக்கத் தொடங்கினேன். அவர் எட்டிப் பார்த்துவிட்டு, இடுப்பில் செருகியிருந்த அரிவாளோடு இரண்டடி பின்னால் நகர்ந்தார். முள் பழைய இடத்துக்கு வந்து நின்றது.

குகை, ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து கிடக்கும் பெரும்பாறைகளின் அடியில் இருந்தது. மூன்று அடி தள்ளி நின்றபோதும் எனக்கு அது தெரியவில்லை. விபூதி வாசனைதான் முதலில் வந்தது. குனிந்து, பிறகு முழந்தாளிட்டு உள்ளே போனால், எத்தனையோ பேர் ஏற்றிய விளக்குகளின் கரி படிந்த பாறையும், எண்ணெய்ப் பிசுக்கேறிய அகல்களும் கண்ணுக்குப் பழகப் பழகத் தெரிந்தன. சிவயோகியான மச்சேந்திரர் கொடுத்த திருநீற்றை நம்பாத ஒரு பெண் அதை அடுப்பில் கொட்டிவிட, ஆண்டுகள் கழித்து அவர் வந்து அழைத்தபோது சாம்பலிலிருந்து எழுந்த பிள்ளையே கோரக்கர் என்பார்கள். அந்தக் கதையை அறிந்தவனுக்கு, அங்கே நெற்றியில் இட்டுக்கொள்ளும் ஒரு விரல் நீறு வேறு விதமாகக் கனக்கிறது. நல்லெண்ணெய் ஊற்றி ஒரு விளக்கேற்றினேன். எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தேன் என்பதை நான் பார்க்கவில்லை. திரி அணையும் தறுவாயில் பெரியவர் வெளியிலிருந்து செருமினார்.

வெளியே வந்தபோது மூடுபனி இறங்கியிருந்தது. குறி வைத்த மரமும் இல்லை, பாறையும் இல்லை. நாலாபுறமும் ஒரே வெள்ளை. ஆற்றின் ஓசை எல்லாப் பக்கத்திலிருந்தும் வருவதுபோல் இருந்ததால் பெரியவரும் சற்று நின்றார். பிறகு என் பக்கம் திரும்பி, "அந்தப் பொட்டி என்ன சொல்லுதுங்க சாமி?" என்று கேட்டார். "320, ஒன்றே கால் மாலைங்க ஐயா" என்றேன். அரிவாளை என்னிடமிருந்து தள்ளிப் பிடித்துக்கொண்டு அவர் முன்னே நடக்க, நான் பின்னால் நின்று இடம், வலம் என்று திருத்திக்கொண்டே வந்தேன். 130ஆவது மணியில் அந்தக் கரும்பாறை பனிக்குள்ளிருந்து வெளிப்பட்டது. அங்கிருந்து அவருக்கு எதுவும் தேவைப்படவில்லை.

வீடு திரும்பியதும் அம்மாவுக்கு விபூதி கொடுத்து, குறிப்பேட்டை விரித்து, பதினோரு திருப்பங்களையும் பாகை, மாலைக் கணக்கோடு பெருமையாகப் படித்துக் காட்டினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "குகை எந்தப் பக்கம் பாத்திருக்கு?" என்றார். பக்கங்களைப் புரட்டினேன். அதை மட்டும் நான் குறித்திருக்கவில்லை.

"கெழக்கா, தெக்கா?" என்று மறுபடியும் கேட்டார்.