பேட்டில் சுமந்த பழி

இரண்டாம் உலகப் போர்க்கால விமானங்களைப் பற்றிப் பேச்சு எழும் இடங்களில் ஃபேரி பேட்டில் என்ற பெயரை யாராவது எடுத்தால், பிரிட்டிஷ் விமானப்படை போருக்கு அனுப்பியவற்றிலேயே மோசமானது அதுதான் என்ற தீர்ப்பும் பெரும்பாலும் அதே மூச்சில் வந்துவிடும். ஒற்றை எஞ்சினும் மூன்று பேர் கொண்ட குழுவும் உள்ள இலகு ரகக் குண்டுவீச்சு விமானம் அது. 1940 மே மாதத்தில் பிரான்சிலும் பெல்ஜியத்திலும் சில நாட்களுக்குள் அது கண்ட இழப்புதான் அந்தப் பெயருக்குக் காரணம். விமானங்களை நிறுத்திப் பழுதுபார்க்கும் ஹேங்கரில் பல ஆண்டுகள் பராமரிப்புப் பொறியாளராக வேலை பார்த்துவிட்டு, இப்போது அதே தொழிலுக்கு வரும் இளைஞர்களுக்குப் பாடம் எடுத்துக்கொண்டிருக்கும் எனக்கு, ஓர் இயந்திரத்துக்குக் கெட்ட பெயர் எப்படி ஒட்டிக்கொள்கிறது என்பதை விளக்க வேண்டிவரும்போதெல்லாம் பேட்டில்தான் நினைவுக்கு வருகிறது. திரையில் அதன் படத்தைப் போட்டதும், ஏற்கெனவே அதைப் பற்றிப் படித்திருக்கும் ஒரு மாணவர், "சார், இது பறக்கும் சவப்பெட்டிதானே?" என்று கேட்பதுண்டு. அதற்கு என்ன வேலை கொடுக்கப்பட்டது என்பதிலிருந்து ஆரம்பிக்கலாம் என்று பதில் சொல்வேன்.

இந்தப் பதிலை எனக்குக் கற்றுக்கொடுத்தது ஹேங்கர்தான். நான் பணியாற்றிய ஒரு நிறுவனத்தில் ஒரே ரக விமானங்கள் பல இருந்தன. அவற்றில் ஒன்றை மட்டும் எல்லா ஷிஃப்டிலும் 'ராசியில்லாத வண்டி' என்றே சொல்வார்கள். பழுதுகளைக் குறித்துவைக்கும் பதிவேடான அதன் டெக் லாக்கைப் புரட்டினால் பிரேக், டயர், லேண்டிங் கியர் என்று பக்கத்துக்குப் பக்கம் புகார் இருக்கும். ஆயிரம் பறப்பு மணிக்கு எத்தனை பழுது என்று போடப்படும் மாதக் கணக்கிலும் அதுவே மேலே நிற்கும். எங்களுக்கு மேற்பார்வையாளராக இருந்த மூத்தவர் ஒருவர், அதே பழுதுகளைப் பறப்பு மணிக்குப் பதிலாகத் தரையிறக்கங்களின் எண்ணிக்கையால் வகுத்து எங்கள் முன்னால் வைத்தார். "வண்டியைக் குறை சொல்றதுக்கு முன்னாடி அதை எந்த ரூட்ல ஓட்டுறாங்கன்னு பாருங்க தம்பி" என்றார். அந்த விமானத்தைக் குறுந்தூரத் தடங்களிலேயே ஓட்டிக்கொண்டிருந்தார்கள். மற்றவை ஒரு முறை இறங்கும் நேரத்தில் அது பல முறை ஓடுபாதையைத் தொட்டது. பிரேக்கும் டயரும் தேய்வது இறங்கும்போதுதான் என்பதால், தரையிறக்கக் கணக்கில் அது மற்றவற்றுக்குச் சமமாகவே நின்றது. ஆனாலும் ராசியில்லாத வண்டி என்ற பேச்சு நிற்கவில்லை. ஒருமுறை ஒட்டிய பெயர் கணக்கைக் காட்டினாலும் போவதில்லை.

பேட்டிலின் கதை 1930களின் தொடக்கத்தில், ஹாக்கர் ஹார்ட் என்ற இரட்டைத் தட்டு இறக்கை விமானத்துக்கு மாற்று தேடிய காலத்தில் ஆரம்பிக்கிறது. ஆயிரம் பவுண்டு குண்டை ஆயிரம் மைல் தூரத்துக்கு மணிக்கு 200 மைல் வேகத்தில் கொண்டுபோக வேண்டும் என்பது பிரிட்டிஷ் விமான அமைச்சகம் கேட்டது. பெல்ஜியத்தைச் சேர்ந்த வடிவமைப்பாளர் மார்செல் லோபெல் ஃபேரி நிறுவனத்துக்காக வரைந்த உலோக விமானம் 1936 மார்ச் 10 அன்று முதன்முறையாகப் பறந்தபோது, கேட்டதற்கு மேலாகவே கொடுத்தது. மணிக்கு சுமார் 410 கிலோமீட்டர் என்ற அதன் வேகம், அது மாற்ற வந்த ஹார்ட்டைவிட நூறு கிலோமீட்டருக்கு மேல் கூடுதல். முன்மாதிரி பறப்பதற்கு முன்பே 155 விமானங்களுக்கு ஆர்டர் போயிருந்தது. பொறியாளனாகப் பார்த்தால், கேட்டதைச் சரியாகச் செய்துகொடுத்த வடிவமைப்பு இது என்றுதான் என்னால் சொல்ல முடிகிறது.

சிக்கல் கேட்டதிலேயே இருந்தது. பின்னாளில் ஹரிக்கேன், ஸ்பிட்ஃபயர் என்ற பிரிட்டிஷ் போர்விமானங்களுக்கு உயிர் கொடுத்த அதே ரோல்ஸ் ராய்ஸ் மெர்லின் எஞ்சின்தான் பேட்டிலுக்கும். ஹரிக்கேனில் அது ஏறத்தாழ மூன்று டன்னைத் தூக்கியது. பேட்டிலில் மூன்று பேரையும் நான்கு குண்டுகளையும் சேர்த்து ஏறத்தாழ ஐந்து டன்னை இழுக்க வேண்டியிருந்தது. பாதுகாப்புக்கு வலது இறக்கையில் ஓர் இயந்திரத் துப்பாக்கி, பின்னால் இருப்பவர் கையில் இன்னொன்று. குண்டைக் குறிபார்ப்பவர் விமானியின் இருக்கைக்கு அடியில் குப்புறப் படுத்து, தரையில் உள்ள தகட்டை நகர்த்தி, அந்தத் திறப்பின் வழியாகக் கீழே பார்க்க வேண்டும். நிதானமாக, நேர்கோட்டில், போதிய உயரத்தில் பறக்கும்போது பயன்படும் ஏற்பாடு இது. வகுப்பில் குறுக்குவெட்டுப் படத்தை வைத்து இந்த இடத்தைக் காட்டும்போது நான் சற்று நேரம் எடுத்துக்கொள்வேன், ஏனென்றால் விமானம் எந்த மாதிரிப் போரை எதிர்பார்த்துக் கட்டப்பட்டது என்பது அந்தத் திறப்பிலேயே தெரிகிறது.

1937இல் அது படையில் சேர்ந்தபோது ஜெர்மனியில் மெஸ்ஸர்ஷ்மிட் 109 ஏற்கெனவே பறந்துகொண்டிருந்தது. இரண்டு ஆண்டுகளில் அந்தப் போர்விமானத்தின் வேகம் பேட்டிலைவிட மணிக்கு 150 கிலோமீட்டர் அளவுக்குக் கூடிவிட்டது. பேட்டில் பின்தங்கிவிட்டது என்பது தெரிந்தும், தொழிற்சாலைகளும் பழகிய தொழிலாளர்களும் சும்மா இருந்துவிடக் கூடாது என்பதற்காக உற்பத்தி தொடர்ந்தது. ஃபேரியின் ஸ்டாக்போர்ட் ஆலையிலும், ஆஸ்டின் கார் நிறுவனம் லாங்பிரிட்ஜில் நடத்திய ஆலையிலும் சேர்த்து இரண்டாயிரத்துக்கு மேல் கட்டினார்கள். போர் தொடங்கும்போது பத்து ஸ்குவாட்ரன்கள், அதாவது விமானப் படைப்பிரிவுகள், இந்த விமானத்தோடு பிரான்சுக்குப் போயின.

எச்சரிக்கை சீக்கிரமே வந்தது. 1939 செப்டம்பர் 30 அன்று வேவு பார்க்கப் போன 150ஆம் ஸ்குவாட்ரனின் ஐந்து பேட்டில்கள் மெஸ்ஸர்ஷ்மிட்டுகளிடம் சிக்கின; நான்கு அங்கேயே வீழ்ந்தன. துணைக்குப் போர்விமானம் இல்லாமல் பகலில் இதை அனுப்பினால் என்ன ஆகும் என்பதற்கு அதைவிடத் தெளிவான அறிக்கை தேவையில்லை. பிறகு ஏழு மாதங்களுக்கு மேல் அவகாசம் இருந்தது.

1940 மே 10 அன்று ஜெர்மன் படை லக்ஸம்பர்க் வழியாக முன்னேறியபோது 32 பேட்டில்கள் அனுப்பப்பட்டன. தரையிலிருந்து சுமார் 250 அடி உயரத்தில் பறந்து, பதினொரு வினாடி தாமதத்தில் வெடிக்கும் குண்டுகளை வாகன வரிசைகளின் மேல் போட வேண்டும். அந்த உயரத்தில் சிறு துப்பாக்கிகூட எட்டும். பெட்ரோல் தொட்டியில் துளை விழுந்தால் தானே அடைத்துக்கொள்ளும் உறையும் இல்லை. 13 விமானங்கள் வீழ்ந்தன, திரும்பியவை எல்லாம் அடிபட்டே திரும்பின. மறுநாள் ஆல்பர்ட் கால்வாய்ப் பாலங்களைத் தாக்கப் போன பெல்ஜியத்தின் ஒன்பது பேட்டில்களில் ஆறு வீழ்ந்தன. மே 12 அன்று அதே பாலங்களுக்கு 12ஆம் ஸ்குவாட்ரனிலிருந்து ஐந்து விமானங்கள் புறப்பட்டன. வெல்ட்வெஸெல்ட் பாலத்துக்குத் தாழ்வாகப் பறந்து போன டொனால்ட் கார்லண்டுக்கும், அவருடைய வழிகாட்டி தாமஸ் கிரேக்கும் இறந்த பிறகு பிரிட்டனின் உயரிய வீர விருதான விக்டோரியா கிராஸ் வழங்கப்பட்டது. அதே விமானத்தில் பின் இருக்கையில் இருந்து அவர்களோடு உயிர்விட்ட துப்பாக்கி வீரர் லாரன்ஸ் ரெனால்ட்ஸுக்கு எந்த விருதும் இல்லை. இதை எப்போது சொன்னாலும் எனக்கு மனம் ஆறுவதில்லை. ஒரே இயந்திரத்துக்குள் ஒரே முடிவைச் சந்தித்த மூவரில் ஒருவரை விட்டுவிட்டது அநியாயம்.

மே 14 அன்று செடான் நகரருகே மியூஸ் ஆற்றின் மேல் ஜெர்மானியர் அமைத்திருந்த பாலங்களைத் தாக்க, 63 பேட்டில்களும் பிளென்ஹைம் என்ற இன்னொரு ரகக் குண்டுவீச்சு விமானங்கள் எட்டும் போயின. 71இல் 40 திரும்பவில்லை. அந்த நாற்பதில் பேட்டில்கள் 35. இந்த அளவிலான ஒரு தாக்குதலில் இதைவிட அதிக விகிதத்தில் தன் படை இழந்ததில்லை என்று பிரிட்டிஷ் விமானப்படையின் அதிகாரபூர்வ வரலாறே பதிவு செய்திருக்கிறது. பேட்டிலின் பெயர் அன்றோடு முடிந்தது.

மாணவர்களை நான் யோசிக்கச் சொல்வது அதற்கு முந்தைய நாளைப் பற்றி. மே 13 அன்று அதே செடானில், அதே ஆற்றின் மேல், நாள் முழுக்கக் குண்டு வீசியது ஜெர்மனியின் ஸ்டூக்கா. அதுவும் ஒற்றை எஞ்சின் விமானம். வேகத்தில் பேட்டிலைவிடச் சற்றுக் குறைவு. மடக்க முடியாத சக்கரக் கால்களோடு பறந்தது. அதற்குக் கிடைத்ததோ எதிரியை நடுங்கவைத்த விமானம் என்ற பெயர். வேறுபாடு மேலே வானத்தில் இருந்தது: ஸ்டூக்கா வந்தபோது அதைச் சுற்றி மெஸ்ஸர்ஷ்மிட்டுகள் காவல் நின்றன, பேட்டில் வந்தபோது அதே மெஸ்ஸர்ஷ்மிட்டுகளும், பாலங்களைச் சுற்றி நெருக்கமாக நிறுத்தப்பட்டிருந்த விமான எதிர்ப்புத் துப்பாக்கிகளும் காத்திருந்தன. மூன்று மாதம் கழித்து ஆகஸ்ட் 18 அன்று, தங்களுக்குச் சாதகமில்லாத இங்கிலாந்து வானில் ஸ்டூக்காக்கள் பறந்தபோது அவையும் கொத்துக்கொத்தாக வீழ்ந்தன. அத்தோடு அந்தச் சண்டையிலிருந்து அவற்றை விலக்கிக்கொண்டார்கள். பிளென்ஹைமையும் பார்க்க வேண்டும். இரட்டை எஞ்சின் விமானமான அது, மே 17 அன்று பெல்ஜியத்தின் ஜெம்ப்ளூவுக்குப் பன்னிரண்டாகப் போய் ஒன்றாகத் திரும்பியது. ஆனால் அதை யாரும் சவப்பெட்டி என்று நினைவில் வைத்துக்கொள்ளவில்லை.

பேட்டில்களை இரவுத் தாக்குதலுக்கு மாற்றிய பிறகு இழப்பு வெகுவாகக் குறைந்தது. இருட்டில் இலக்கைக் கண்டுபிடிப்பது கடினமாக இருந்ததால் பலனும் குறைந்தது. அந்த ஆண்டு இலையுதிர் காலத்தில், இங்கிலாந்தின் மேல் படையெடுக்க ஜெர்மானியர் ஆங்கிலக் கால்வாய்த் துறைமுகங்களில் சேர்த்திருந்த படகுகளை அது இரவில் தாக்கியது. போலந்து வீரர்களின் ஸ்குவாட்ரன்களும் அதில் பறந்தன. பிறகு நெடுங்காலம் பயிற்சி வேலை. எழுநூறுக்கு மேற்பட்ட பேட்டில்கள் கனடாவுக்குப் போயின, ஆஸ்திரேலியாவுக்கு முந்நூறுக்கு மேல். அங்கே ஆயிரக்கணக்கான இளைஞர்கள் குண்டு வீசவும் துப்பாக்கி சுடவும் இதில்தான் கற்றார்கள். நேப்பியர் சேபர், பிரிஸ்டல் ஹெர்குலிஸ் போன்ற புதிய எஞ்சின்களை வானில் சோதித்துப் பார்க்கவும் பேட்டிலின் மூக்கில் பொருத்தினார்கள். ஒரு பராமரிப்புக்காரனுக்கு இது பெரிய சான்று. எஞ்சினே சந்தேகத்துக்கு உரியதாக இருக்கும்போது, உடல் சட்டத்தையாவது முழுக்க நம்ப முடிய வேண்டும்.

இதையெல்லாம் கேட்டுவிட்டு, அப்படியானால் பேட்டில் நல்ல விமானம்தான் என்று எழுதிக்கொடுக்கும் மாணவர்களும் உண்டு. அந்த விடைக்கும் நான் முழு மதிப்பெண் தருவதில்லை. அடிவயிற்றுப் பக்கத்துக்குக் காவல் இல்லாததும், போதிய கவசமும் பாதுகாப்பான எரிபொருள் தொட்டியும் இல்லாததும், எடைக்கு எஞ்சின் போதாததும் உண்மையான குறைகள். அவற்றில் வடிவமைப்பாளரின் பங்கு எவ்வளவு, கேட்டவர்களின் பங்கு எவ்வளவு, 1939 செப்டம்பரில் தெரிந்த பிறகும் மே மாதத்தில் துணையின்றித் தாழ்வாக அனுப்பியவர்களின் பங்கு எவ்வளவு என்று தனித்தனியாகப் பிரித்து எழுதச் சொல்கிறேன். காரணம் என்ற கட்டத்தில் விமானத்தின் பெயரை மட்டும் எழுதி வரும் அறிக்கையைத் திருப்பிக் கொடுத்துவிடுகிறேன்.