மூங்கில் தரையும் ஒரு சாவிக்கொத்தும்

வீட்டுத் தரைக்கு மூங்கில் பலகை போடலாம் என்று முடிவு செய்து, ஒரு வாரமாக மேசை முழுக்க மாதிரித் துண்டுகள். மனதுக்குப் பிடித்தது தேன் கலந்த பழுப்பு நிறம். சாவியால் ஒரு கீறு கீறினேன், பள்ளமே விழுந்துவிட்டது! அப்புறம்தான் விசாரித்தேன். அந்த நிறம் சாயம் இல்லையாம். மூங்கிலை நீராவியில் வேகவைக்கும்போது அதிலுள்ள சர்க்கரை கருகி வருவது. அதில் உறுதியும் கொஞ்சம் குறைந்துவிடும்.

நார் நாராகப் பிரித்து, பசையில் தோய்த்து, பெரும் அழுத்தத்தில் இறுக்கிய பலகை வேறு ரகம். அதே சாவி அதில் லேசான கோடுதான் போட்டது. நாற்காலி இழுபடும் கூடத்துக்கு அதுதான் சரி.

மூங்கில் புல் இனம், சீக்கிரம் வளரும். ஆனால் உயரம் வந்துவிட்டால் முற்றிவிட்டது என்று அர்த்தமில்லை. ஐந்தாறு வருடமாவது நின்று முற்றியதா என்று கேளுங்கள். இளசை வெட்டிச் செய்த பலகை பார்க்க ஒன்றுபோலத்தான் இருக்கும், உழைக்காது.

பசையையும் விடாதீர்கள். அதிலிருந்து ஃபார்மால்டிஹைடு என்ற நச்சு வாயு எவ்வளவு வெளியாகிறது என்பதற்கான சான்று, ஐரோப்பிய ஈ1 தரமோ அதைவிடக் கடுமையானதோ, இருக்கிறதா என்று பாருங்கள். என்னிடம் ஒரு விற்பனையாளர் "வாசனையே வராது சார்" என்றார். மூக்கை நம்பியா வாங்குவது?

பலகை வந்ததும் உடனே பதிக்கக் கூடாதாம். மூன்று நாளாவது அதே அறையில் கிடந்து ஈரப்பதத்துக்குப் பழக வேண்டும். சுவரோரம் விரிய இடைவெளியும் வேண்டும். இப்போது கூடத்தில் பெட்டிகளைத் தாண்டித் தாண்டி நடந்துகொண்டிருக்கிறோம்.