“இது எங்க எழுதியிருக்குண்ணா?”

போன மாதம், ஏஐ ஏஜென்ட் (சொன்ன வேலையை டூல்களை வைத்துத் தானே செய்யும் ஏஐ) பயன்படுத்தும் எங்கள் ஸ்டாக் டூலுக்கு டிஸ்கிரிப்ஷனை, அதாவது விளக்கத்தை, திருத்தி எழுதினேன். மூன்று நாள் ஆயிற்று. முடித்த அன்று இரவு தூக்கம் வரவில்லை.

விஷயம் சின்னது. டூலின் பெயர் ‘அப்டேட் ஸ்டாக்’. ஐட்டம், குவான்டிட்டி என்று இரண்டு விவரம் கேட்கும். நான் எழுதி வைத்திருந்த விளக்கம் ஒரே வரி: ‘பொருளின் இருப்பைப் புதுப்பிக்கும்.’ குவான்டிட்டி என்பது கூட்ட வேண்டிய எண்ணா, புது மொத்தமா, கேஸா (பெட்டிக் கணக்கா), பீஸா, எதுவும் அதில் கிடையாது. டெஸ்ட் சர்வரில் ஏஐ ஏஜென்டிடம் ‘இன்னைக்கு 12 கேஸ் வந்திருக்கு, ஏத்திடு’ என்றோம். அது 12 என்று அனுப்பியது. 340 பீஸ் இருந்த இடத்தில் 12 வந்து உட்கார்ந்தது.

மீட்டிங்கில் யாரும் ஏஜென்டைக் குறை சொல்லவில்லை. எம்சிபி (ஏஐயை வெளி டூல்களோடு இணைக்கும் பொது முறை) வழியாக அதன் கைக்குப் போவது டூலின் பெயர், விளக்கம், என்னென்ன கொடுக்கலாம் என்கிற ஸ்கீமா, இவ்வளவுதான். உள்ளே புரோகிராம் என்ன செய்கிறது என்று அதற்குத் தெரியாது. எழுதாததை ஊகிக்கத்தான் செய்யும். ‘டிஸ்கிரிப்ஷன் சரியில்லை’ என்று ஒரே நிமிடத்தில் முடிவாயிற்று. நானும் தலையாட்டினேன்.

இதே தவறை இரண்டு வருடத்துக்கு முன் ஒரு பையன் செய்தான். சேர்ந்து ஐந்து வாரம் ஆகியிருந்தது. அவன் செய்தது லைவில், கஸ்டமரின் நிஜக் கணக்கிலேயே. இருப்பு குறைந்துவிட்டதாகக் கணக்குக் காட்டியதும் சிஸ்டம் தானாகவே சப்ளையருக்குப் பர்ச்சேஸ் ஆர்டர் போட்டுவிட்டது. கஸ்டமர் என்னைத்தான் போனில் பிடித்தார். பேசி முடித்துவிட்டு அவன் சீட்டுக்குப் போனேன். “பாத்துப் பண்ண மாட்டியா?” என்றேன்.

அவன் ஸ்க்ரீனைப் பார்த்தபடியே கேட்டான்: “இது எங்க எழுதியிருக்குண்ணா?”

குரலில் திமிர் இல்லை. அவன் முன்னால் எங்கள் டாக்குமென்ட் பக்கம் திறந்திருந்தது, என்னுடைய அந்த ஒற்றை வரியோடு. நான் சொன்னேன்: “எல்லாத்தையும் எழுதி வச்சாத்தான் செய்வியா? தெரியலைன்னா கேக்கணும் தம்பி.”

கேட்கணும் என்றேன். அவன் கேட்டுக்கொண்டுதான் இருந்தான்.

என் பக்கமும் நியாயம் இருக்கிறது. லைவில் நடந்ததையும் டெஸ்ட் சர்வரில் நடந்ததையும் ஒன்றாக வைக்க முடியாது. பட்டனை அழுத்துவதற்கு முன் பக்கத்து சீட்டில் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். தெரியாதவர்கள் தெரிந்தவர்களைக் கேட்பார்கள் என்ற நம்பிக்கையில்தான் எந்த ஆபீஸும் ஓடுகிறது. எல்லாவற்றையும் எழுதினால் யார் உட்கார்ந்து படிப்பது?

ஆனால் ஏஜென்டுக்காக நான் கடைசியில் எழுதியது மொத்தமே ஐந்து வரி. ‘குவான்டிட்டி: பீஸ் கணக்கில் புது மொத்த இருப்பு. கொடுக்கும் எண் பழைய இருப்போடு கூட்டப்படாது, பழையதை அழித்துவிட்டு அந்த இடத்தில் நிற்கும். சரக்கு வரவை ஏற்ற இதைப் பயன்படுத்தாதே. அதற்கு ‘ஆட் ஸ்டாக்’ இருக்கிறது. கேஸில் சொன்னால் முதலில் பீஸாக மாற்று. ஒரு கேஸில் எத்தனை என்று தெரியாவிட்டால் பயனரிடம் கேள்.’ இதை யார்தான் படிக்க மாட்டார்கள்?

இப்படி எழுத வேண்டும் என்பது புது ஞானமும் கிடையாது. 1971 நவம்பரில் வந்த யுனிக்ஸ் ஆப்பரேட்டிங் சிஸ்டம் கையேட்டின் முதல் பதிப்பிலேயே ஒவ்வொரு கட்டளைக்கும் ‘பக்ஸ்’ என்று தலைப்புப் போட்டு, அது எங்கே காலை வாரும் என்று சொல்லும் வழக்கம் இருந்தது. கல்லூரியிலேயே அதைப் பார்த்தவன் நான்.

இன்னொன்றும் உறுத்துகிறது. இந்த ஐந்து வரிக்காக ஏஜென்டை முப்பது தடவையாவது ஓட்டிப் பார்த்திருப்பேன். தப்பு செய்யும்போதெல்லாம் எந்த வார்த்தை அதைக் குழப்பியது என்று தேடினேன். ஒரு தடவைகூடக் கோபம் வரவில்லை. அந்தப் பையனுக்கு நான் கொடுத்தது ஒரே தடவை.

ஏஜென்டுக்காக எழுதுவது புதிதாக வருகிறவர்களுக்கும் பயன்படும் என்று டீமில் சொல்கிறார்கள். உண்மைதான், இப்போது சேருகிறவர்கள் அந்தப் பக்கத்தைப் படிக்கிறார்கள். அதில் எனக்குச் சந்தோஷம்தான். அவன் அதற்கு முன்பே வேலையை விட்டுப் போய்விட்டான். வேறு இடத்தில் நல்ல சம்பளம் என்றான். அதுதான் காரணமாகவும் இருக்கலாம்.

திருத்தத்தை ரிவ்யூவுக்கு அனுப்பும்போது, காரணம் என்ற இடத்தில் ‘பயன்படுத்துபவர்கள் குவான்டிட்டியைத் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள்’ என்று எழுதினேன். லீட் படித்துவிட்டுக் கேட்டார்: “பயன்படுத்துறவங்களா? ஏஜென்ட்தானே தப்பு பண்ணுச்சு?”

அவனைப் பற்றிச் சொல்ல அது ஒரு நல்ல இடம். “ஆமா சார், ஏஜென்ட்தான்” என்று மாற்றிக் கொடுத்தேன்.