மசில் காரும் மூட்டு வலியும்

அறுபத நெருங்குற வயசுல மறுபடியும் ஒரு பழைய கான்டசா கார் வாங்கிட்டு வந்து நிறுத்தினப்ப வீட்டம்மா கேட்ட முதல் கேள்வி, "ஏங்க, இத எங்க நிறுத்துவீங்க?" நியாயமான கேள்விதான். வண்டி 15 அடி நீளம், சேலம் அஸ்தம்பட்டில எங்க வீட்டு போர்டிகோ ஆல்டோவுக்கு அளந்து கட்டினது, கேட்ட சாத்தணும்னா பின் பம்பர் துளசி மாடத்த தொடுற வரைக்கும் தள்ளணும்.

தொண்ணூறுகள்ல ஒண்ணு வச்சிருந்தேன், அப்பவே செகண்ட் ஹேண்ட் தான். பெட்ரோல் வெல ஏற ஏற கட்டுப்படியாகாம தள்ளிவிட்டுட்டு எல்லாரையும் மாதிரி சின்ன காருக்கு மாறியாச்சு. பசங்க படிப்பு, வீட்டு லோன்னு அப்படியே ஓடிப்போச்சு. இப்ப ரிட்டயர்மென்ட் பணத்துல கொஞ்சத்த இதுல போட்டேன், பையன் போன்ல "ஏம்ப்பா மியூச்சுவல் ஃபண்ட்ல போட்டிருக்கலாமே"ன்னான், ஏதோ வேலையா இருக்கேன்னு வச்சிட்டேன்.

யூடியூப்ல பசங்க இத இந்தியாவோட மசில் கார்ங்கறாங்க. கேக்க நல்லாத்தான் இருக்கு, ஆனா நெசமான மசில் கார்னா 1964ல வந்த போன்டியாக் ஜிடிஓ மாதிரி, நடுத்தர சைஸ் கார்ல 6.4 லிட்டர் வி8 என்ஜின தூக்கி வச்ச வண்டி. நம்ம ஆளு பிரிட்டன்ல வாக்ஸ்ஹால் கம்பெனி எழுபதுகள்ல வித்த காரோட பாடி. ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் 1984ல இத விட்டப்ப அந்த நீள பானெட்டுக்குள்ள இருந்தது அம்பாசடரோட 1.5 லிட்டர் என்ஜின், கிட்டத்தட்ட 50 குதிரை சக்தி. பயில்வானுக்கு கீச்சுக்குரல் கெடச்ச கத. அப்புறம் ஜப்பான் கம்பெனி இசுசுவோட 1.8 லிட்டர் என்ஜின் வந்து, அஞ்சு கியர் வந்து, 88 ஆச்சு. இன்னிக்கு ஒரு ஸ்விஃப்ட்டே ஏறக்குறைய அவ்வளவு தருது. இருபத்தஞ்சு வயசுல இத எவனாவது எங்கிட்ட சொல்லியிருந்தா சண்டைக்கே போயிருப்பேன், இப்ப எல்லாம் தெரிஞ்சேதான் வாங்கினேன், தெரிஞ்சு வாங்குறதுல ஒரு தனி சொகம் இருக்குங்க.

ஈரோடு பக்கம் ஒரு வீட்ல தார்ப்பாய் போட்டு மூடி நின்ன வண்டி, இசுசு என்ஜின் தான். செவ்வாய்ப்பேட்டைல இருந்து நமக்கு தெரிஞ்ச மெக்கானிக் அண்ணன கூட்டிட்டுப் போனேன். அவரு பானெட்டயே தொறக்கல. பழைய ஸ்பீக்கர் காந்தம் ஒண்ண துணில சுத்தி எடுத்துட்டு வந்திருந்தாரு, அத வச்சு கதவு அடிப்பக்கம், வீல் ஆர்ச், டிக்கி ஓரம்னு தடவிட்டே போறாரு. ஒட்டுற எடத்துல தகரம், வழுக்குற எடத்துல துருவ மறைக்கப் பூசின பட்டி. டிரைவர் பக்க கதவுக்கு கீழ ஒரு சாண் அகலத்துக்கு காந்தம் நிக்கவே இல்ல. அப்புறம் உள்ள ரப்பர் மேட்ட தூக்கி ஸ்க்ரூ டிரைவரால ஒரு குத்து, அது அப்படியே தரைக்கு போயிடுச்சு. வித்தவர் மொகத்த பாக்கணுமே. "என்ஜினு கெடக்குது சார், அத எப்ப வேணா பாத்துக்கலாம், துரு தான் காச திங்கும்"னாரு அண்ணன். அந்த ஓட்டைக்காக வெலைல நல்லாவே கொறச்சாங்க.

அவரு சொன்னது அப்படியே பலிச்சுது. 1800 ஐஎஸ்இசட் அம்பாசடர்லயும் இதே இசுசு குடும்ப என்ஜின் தான்ங்கறதால கேஸ்கட், பேரிங்னு தேடினா எங்கயாவது மாட்டுது. சங்ககிரி, நாமக்கல்னு சுத்தி பூரா லாரி ஊரு, புஷ் மாதிரி சின்னதுக்கெல்லாம் லேத் பட்டறைல பழச காட்டினா கடைஞ்சு குடுத்துடுறாங்க. ஆனா 2002லயே நின்னுபோன வண்டிக்கு கண்ணாடி, பீடிங், கிரில் எல்லாம் எந்த லேத்லயும் வராது.

இன்னொரு தலவலி இப்ப பங்க்ல வர்ற, 20 சதவீதம் எத்தனால் கலந்த இ20 பெட்ரோல். அந்தக் காலத்து ரப்பர் ஹோஸ், காத்தையும் பெட்ரோலையும் கலக்குற கார்புரேட்டரோட டயாஃப்ரம் இதெல்லாம் எத்தனாலுக்குன்னு செஞ்சது கெடையாது, ஊறிப்போய் வெடிப்பு விடும். சூடான என்ஜின் மேல பெட்ரோல் கசிஞ்சா என்னாகும்னு சொல்லவே வேணாம், அதனால மொத வேலையா ஹோஸ் பூராவும் எத்தனால் தாங்குறதா பாத்து மாத்தினோம். ஆர்சி ரினிவலுக்கு 20 வருஷம் தாண்டின காருக்கு 2025 ஆகஸ்ட்ல 10,000 ரூபா ஆக்கிட்டாங்க. வின்டேஜ்னு பதிவு பண்ணலாமேன்னு ஒரு நண்பர் கேட்டாரு, அதுக்கு 50 வருஷம் ஆகியிருக்கணும், மொதமொதல்ல வந்த கான்டசாவுக்கே 2034ல தான் அந்த யோகம்.

சரி, ஏற்காடு ஏறுச்சான்னு தான எல்லாரும் கேக்குறீங்க. ஏறுச்சு, ஜம்முனு ஏறுச்சு. அடிவாரம் தாண்டி கொண்டை ஊசி வளைவு 20 இருக்கு, பவர் ஸ்டியரிங் கெடையாது, பாதிலயே தோள்பட்ட கழண்டுடும் போல ஆயிடுச்சு. ஆனா ஏத்தத்துல வெயிட்டு பின்பக்கம் சாயும், இதுல பின் வீல் தான் தள்ளுது, அதனால ரெண்டாவது கியர்ல வளைவ விட்டு வெளிய வரும்போது முதுகுல கைய வச்சு ஒருத்தர் தள்றாப்ல ஒரு இழுவ வரும் பாருங்க, முன் வீல் இழுக்குற இப்பத்த காருங்கள்ல அது இல்லவே இல்ல. வேகமெல்லாம் ஒண்ணும் இல்லைங்க, கேடிஎம் பைக் பசங்க ரெண்டு பக்கமும் பறக்குறானுங்க, ஒருத்தன் ஹெல்மெட்ட தூக்கி "தாத்தா, அமெரிக்க மஸ்டங் காரா?"ன்னு கேட்டுட்டு பதிலுக்கு கூட நிக்காம போயிட்டான். தாத்தாவாம்!

மேல கிட்டத்தட்ட 1,500 மீட்டர், காத்து அடர்த்தி கொறஞ்சதும் கார்புரேட்டருக்கு பெட்ரோல் அதிகமாயி ஏரிக்கரைல ஐடிலிங் திக்குது, பெட்ரோல் வாடை வேற. இன்ஜெக்‌ஷன் வண்டில கம்ப்யூட்டரே சரி பண்ணிக்கும், இதுல நாமளே ஸ்க்ரூவ திருப்பணும், கீழ வந்தா பழையபடி திருப்பி வைக்கணும். எறங்கும்போது பிரேக்க நம்பாம ரெண்டாவது கியர்லயே விட்டுட்டு வந்தேன், சூடேறின பிரேக் கடைசி வளைவுல கைவிட்டா அந்த எடைய பிடிக்க ஆள் கெடையாது. வீட்டம்மா வழி பூரா வாயே தொறக்கல, வீட்டுக்கு வந்து "சீட்டு நல்லாருக்கு"ன்னு மட்டும் சொன்னாங்க.

இப்போதைக்கு பாக்கி இடது டெயில் லேம்ப் கண்ணாடி தான், கீறல் விட்டு டேப் போட்டு ஓட்டிட்டிருக்கேன். சேலம், தர்மபுரி சுத்துவட்டாரத்துல எங்கயாவது ஷெட்ல கான்டசா செத்துக் கெடந்தா ஒரு வார்த்த சொல்லுங்க, காந்தத்தோட வந்துடுறோம்.